நுண்தூண்டிலுக்கு இலேசான ஸ்பின்னிங் ரீல்: தேர்வு, சோதனை, நரம்பேற்றல்

மெல்லிய நரம்பும், சிறிய முள்ளும், சில கிராம் எடையே உள்ள இரையும் கொண்டு, மீனை மிரளவைக்காமல் பிடிக்கும் முறையை இந்நூல் நுண்தூண்டில் என்று குறிக்கிறது. மேலைநாட்டுத் தூண்டில்காரர்கள் இதை ஃபினெஸ் என்பர். திருவண்ணாமலை வட்டாரத்து ஏரிகளில் மிகுதியாக வளரும் ஜிலேபி கெண்டைக்கும் சிறு கெண்டை வகைகளுக்கும் இம்முறை நன்கு பொருந்தும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி இன்று ஏறக்குறைய எல்லாக் குளங்களிலும் பரவியிருப்பதோடு, சிறிய வாயால் இரையைச் சப்பிப் பார்த்துத் துப்பிவிடும் இயல்பும் உடையது. கனத்த ஈயமும் தடித்த நரம்பும் கட்டிய தூண்டிலில் அந்தத் தொடுகை கைக்கு எட்டுவதே இல்லை. இத்தகைய நீர்நிலைகள் தனிக் கவனத்துக்கு உரியவை என்பது பழைய செய்திதான். சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி அலுவலராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியக் குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி மட்டுமே 1887இல் ஒரு தனி நூல் எழுதினார்.

நுண்தூண்டிலில் முதலில் வாங்கப்படுவது பெரும்பாலும் ராடு. பிழை நேர்வதோ பெரும்பாலும் ரீலில். கடலோரக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் பெரிய ரீல்களைப் பார்த்துப் பழகியவர், அதே வகையில் சற்றுச் சிறியதொன்றை வாங்கிவந்து, 5 கிராம் இரையை எறிய முடியாமல் வருந்துவது வழக்கம். குறைந்த செலவில் இலேசான ரீலைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, நரம்பேற்றி, கரைக்குக் கொண்டுசெல்லும் வரையிலான வேலைகளை இவ்வியல் வரிசையாகத் தருகிறது.

ஸ்பின்னிங் ரீல்: தெரிந்திருக்க வேண்டிய உறுப்புகள்

ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுற்றப்பட்டிருக்கும் உருளை, அதாவது ஸ்பூல், எறியும்போது சுழலாமல் அசையாது நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று செல்கிறது. நூற்பாலைகளில் கதிரிலிருந்து நூல் கழலும் அமைப்பை ஒட்டி, இங்கிலாந்தின் நெசவு நகரமான பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் இல்லிங்வொர்த் 1905இல் இவ்வகை ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். உருளையைச் சுழற்றி விடவேண்டிய தேவை இல்லாததால் மிக இலேசான இரையும் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்க முடிகிறது. நுண்தூண்டிலுக்கு இவ்வகை ரீல் ஏற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வாங்குபவர் பெயர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய உறுப்புகள் ஐந்து. நரம்பைத் தாங்குவது ஸ்பூல். அதைச் சுற்றிவந்து நரம்பை இடுவது ரோட்டார். ரோட்டாரின் மேல் வளைந்து நிற்கும் கம்பி பெயில். எறியும்முன் திறக்கவும் எறிந்தபின் மூடவும் வேண்டியது இதுவே. பெயிலின் ஒரு முனையில் நரம்பு உராய்ந்து திரும்பும் சிறு சக்கரம் லைன் ரோலர். மீன் ஓரளவுக்கு மேல் இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல் ஸ்பூலை வழுக்கிச் சுழலவிடும் தடை அமைப்பு டிராக்.

தேர்வின் வரிசை: மீனிலிருந்து ரீலுக்கு

கடையில் ரீலைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற நரம்பைத் தேடுவது தலைகீழான வழி. கீழுள்ள வரிசையில் முடிவெடுப்பவர் கடைக்குள் நுழையும்போதே பாதி ரீல்களை ஒதுக்கிவிட முடியும்.

1. எந்த மீன், எந்த எடை என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். கையளவு ஜிலேபி, சிறு கெண்டை, அரைக் கிலோவை எட்டாத ரோகுக் குஞ்சு ஆகியவை நுண்தூண்டிலுக்கு உரியவை. அல்லி, கோரை, ஆகாயத்தாமரைக்குள் பதுங்கும் விராலும், பெரிய கெளுத்தியும் இதற்கு உரியவை அல்ல. மெல்லிய நரம்பில் அவற்றை நிறுத்த முயன்றால் முள்ளோடு அறுத்துக்கொண்டு போகும்.

2. மீனைக் கொண்டு நரம்பைத் தீர்மானிக்க வேண்டும். கடைகளில் நரம்பு என்றும் தங்கூசி என்றும் கேட்டு வாங்கப்படும் நைலான் இழையில் 4 முதல் 6 பவுண்டு வலிமை, ஏறத்தாழ 0.16 முதல் 0.20 மில்லிமீட்டர் தடிமன், இவ்வேலைக்குப் போதும். பவுண்டுக் கணக்கு என்பது நரம்பு அறுபடும் இழுவை. 6 பவுண்டு ஏறத்தாழ 2.7 கிலோ ஆகும்.

3. நரம்பைக் கொண்டு ஸ்பூலைத் தீர்மானிக்க வேண்டும். கரையிலிருந்து எறிவது பெரும்பாலும் 20, 30 மீட்டருக்குள் முடிந்துவிடுவதால் 100 மீட்டர் நரம்பு கொள்ளும் ஆழமற்ற ஸ்பூலே போதுமானது.

4. ஸ்பூலைக் கொண்டு ரீலின் அளவு எண்ணைத் தீர்மானிக்க வேண்டும். 1000 அல்லது 2000 எண் கொண்ட ரீல் பொருந்தும். கெண்டைக்கும் அவ்வப்போது சற்றுப் பெரிய மீனுக்கும் ஒரே ரீலைப் பயன்படுத்த விரும்புபவர் 2500 வரை போகலாம்.

5. கடைசியாகத்தான் விலையும் நிறுவனமும்.

அளவு எண்ணைப் படிப்பது

1000, 2000, 2500 என்னும் எண்கள் சென்டிமீட்டரையோ கிராமையோ குறிப்பவை அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் ரீல்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்த இட்டுக்கொண்ட அடையாளங்கள் அவை. ஆதலால் ஒரு நிறுவனத்தின் 2000 மற்றொன்றின் 2500க்குச் சமமாக இருக்கக்கூடும். எண்ணுக்கு முன்னும் பின்னும் வரும் எழுத்துகளே கூடுதலான செய்தியைச் சொல்கின்றன. ஷிமானோ ரீல்களில் எண்ணுக்கு முன் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் உடல் அந்த எண்ணுக்கு உரியதைவிடச் சிறியது என்று பொருள். எண்ணுக்குப் பின் ‘எஸ்’ வந்தால் ஸ்பூல் ஆழமற்றது. ‘ஹெச்ஜி’ என்றால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு அதிக நரம்பு உள்ளே வரும். டாய்வாவின் ‘எல்டி’ என்பது இலேசு, உறுதி என்னும் இரு சொற்களின் சுருக்கமாக 2018 முதல் அந்நிறுவனம் பயன்படுத்திவரும் குறியீடு. நுண்தூண்டிலுக்கு மிகவும் பயன்படும் எழுத்து ‘எஸ்’தான். 0.18 மில்லிமீட்டர் நரம்பை ஆழமான ஸ்பூலில் 100 மீட்டர் சுற்றினால் அது அடியிலேயே கிடக்கும். எறியும்போது ஒவ்வொரு வளையமும் உயர்ந்த விளிம்பில் உரசித் தூரம் குறையும்.

எடை: எங்கே கவனிக்க வேண்டும்

பொதுவாக 1000 அளவு ரீல்கள் 170 முதல் 220 கிராம் வரையிலும், 2000 அளவு 190 முதல் 240 வரையிலும், 2500 அளவு 220 முதல் 280 வரையிலும் இருக்கும். நுண்தூண்டிலுக்கான 6 முதல் 7 அடி ராடு 100 கிராமைச் சற்றே தாண்டும் எடையுடையது ஆகையால், அதில் 300 கிராம் ரீலைப் பொருத்தினால் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கி, மீன் தொடுவதை விரல் உணர்வது குறைந்துபோகும். எனினும், கிராம் கணக்கில் மிகையான பிடிவாதம் காட்டுவதும் தேவையற்றது. 20 கிராமைக் குறைப்பதற்காக விலையை இரட்டிப்பாக்குவதைவிட, ராடும் ரீலும் சேர்ந்து சமநிலையில் நிற்கின்றனவா என்று பார்ப்பது அறிவுடைய செயல்.

சமநிலையைப் பார்ப்பது எளிது. ரீலை ராடில் பொருத்தி, ரீலின் காலுக்குச் சற்று முன்னால் ஒற்றை விரலின் மேல் ராடைக் கிடத்தினால், அது நுனிப்பக்கமோ அடிப்பக்கமோ வேகமாகச் சாயாமல் நின்றால் போதும். ஆகவே ராடு ஏற்கெனவே வைத்திருப்பவர் அதைக் கடைக்கு எடுத்துச் செல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை.

எடையைக் குறைக்கப் பல நிறுவனங்கள் உடலுக்குக் கார்பன் இழை கலந்த நைலானைப் பயன்படுத்துகின்றன. கடையில் இது ‘கிராஃபைட்’ என்று சொல்லப்படும். நன்னீரில் சிறு மீன் பிடிக்க அது தாராளமாகத் தாங்கும். ஸ்பூல் மட்டும் அலுமினியமாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுத்தல் கூடாது. நைலான் நரம்பு இழுவையில் நீண்டு, சுற்றியபின் சுருங்குவதால் ஸ்பூலைத் தொடர்ந்து இறுக்கும். பிளாஸ்டிக் ஸ்பூல் அந்த அழுத்தத்தில் நாளடைவில் விரிசல் விடும். மேலும் அதன் விளிம்பில் ஒரு சிறு கீறல் விழுந்தாலே நரம்பு ஒவ்வொரு எறிதலிலும் தேயத் தொடங்கும்.

டிராக்: தேர்வின் மையம்

மலிவான ரீலுக்கும் நல்ல ரீலுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாக வெளிப்படும் இடம் டிராக். பெட்டியின் மேல் ‘அதிகபட்ச டிராக் 8 கிலோ’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு வாங்குபவர் பலர். 2.7 கிலோ இழுவையிலேயே அறுந்துபோகும் நரம்புக்கு 8 கிலோ டிராக்கால் எந்தப் பயனும் இல்லை. நுண்தூண்டிலில் டிராக் வேலை செய்யும் எல்லை அரைக் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில் இருக்கிறது. அந்த எல்லைக்குள் அது எவ்வளவு வழுவழுப்பாகவும் நுட்பமாகவும் இயங்குகிறது என்பதுதான் பார்க்கப்பட வேண்டியது.

வழுவழுப்பு என்பதன் பொருள் இதுவே: நின்றுகொண்டிருக்கும் ஸ்பூலை நகர்த்தத் தேவைப்படும் முதல் இழுப்பும், நகரத் தொடங்கியபின் தேவைப்படும் இழுப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். தரமற்ற டிராக்கில் முதல் இழுப்பு ஒட்டிக்கொண்டு நின்று பின்னர் திடீரென்று விடுபடும். தடித்த நரம்பு அந்த ஒட்டலைப் பொறுத்துக்கொள்ளும். 4 பவுண்டு நரம்பு அந்தக் கணத்திலேயே அறும். மீன் ஓடத் தொடங்கிய முதல் நொடியிலேயே நரம்பு அறுந்ததாகச் சொல்லப்படும் இழப்புகளில் பலவற்றுக்கு மீனின் வலிமையைக் காட்டிலும் இந்த ஒட்டலே காரணம்.

டிராக் குமிழ் ஸ்பூலின் முன்புறத்தில் இருப்பதும் உண்டு, ரீலின் பின்புறத்தில் இருப்பதும் உண்டு. பின்புறக் குமிழ் கைக்கு எட்டுவதற்கு வசதியாகத் தோன்றினாலும், அதற்கான கூடுதல் உறுப்புகள் எடையைக் கூட்டுவதோடு, தடைத் தட்டுகளும் சிறியனவாக இருக்கும். முன்புற டிராக்கே பரிந்துரைக்கத்தக்கது.

*குறிப்பு:* குமிழைத் திருகும்போது ஒவ்வொரு சிறு படிக்கும் இழுவை சிறிது சிறிதாகக் கூட வேண்டும். அரைச் சுற்றிலேயே தளர்விலிருந்து இறுக்கத்துக்குத் தாவிவிடும் டிராக்கை மெல்லிய நரம்புக்கு ஏற்றவாறு அமைக்க முடியாது.

பெட்டியின் மற்ற எண்கள்

பேரிங் என்பது சுழலும் உறுப்புகள் உராயாமல் இருக்க வைக்கப்படும் குண்டு வளையம். ‘3+1’ என்றால் மூன்று சாதாரண பேரிங்குகளும், கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒருவழிப் பேரிங் ஒன்றும் உள்ளன என்று பொருள். 600 ரூபாய் ரீலின் மேல் ‘13+1’ என்று அச்சிட்டிருந்தால் அதை விளம்பரமாகவே கொள்ள வேண்டும். தரமான மூன்று நான்கு பேரிங்குகள், தரமற்ற பதின்மூன்றைக் காட்டிலும் நெடுநாள் உழைக்கும்.

கியர் விகிதம், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டார் எத்தனை முறை சுற்றுகிறது என்பதைக் காட்டுகிறது. ஸ்பூலின் குறுக்களவு 4.3 சென்டிமீட்டராகவும் விகிதம் 5க்கு 1ஆகவும் இருந்தால், சுற்றளவு 13.5 சென்டிமீட்டரை ஐந்தால் பெருக்க, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 67 சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வரும். சிறு இரையை மெதுவாக நகர்த்த வேண்டிய நுண்தூண்டிலுக்கு 5 முதல் 5.5 வரையிலான விகிதமே போதும்.

விலையும் நிறுவனமும்

இந்தியச் சந்தையில் 1,000 ரூபாய்க்குக் கீழுள்ள ரீல்களில் டிராக்கும் ஒருவழிப் பேரிங்கும் நம்பத்தக்கனவாக அமைவது அரிது. பிள்ளைகளுக்குப் பழக்கம் காட்டுவதற்கு வேண்டுமானால் அவை உதவும். ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ரூபாய் வரையிலான பகுதியே இவ்வியல் பரிந்துரைக்கும் பகுதி. ஷிமானோவின் சியென்னா, எஃப்எக்ஸ், டாய்வாவின் கிராஸ்ஃபயர், ஒகுமாவின் சேமார் போன்ற தொடக்கநிலை வரிசைகளில் சிறிய அளவுகளை இதற்காகப் பார்க்கலாம். எடை குறைந்ததே வேண்டும் என்பவர் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டு டாய்வாவின் லெகாலிஸ் எல்டி போன்ற வரிசைக்குப் போகலாம். அதற்கு மேல் செலவிடப்படும் பணம் ஜிலேபிக் கெண்டையைப் பொறுத்தவரை மீனின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. அந்தத் தொகையை நல்ல நரம்புக்கும் கூர்மையான முள்ளுக்கும் ஒதுக்குவது மேல்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

ரீலைக் கையில் எடுத்தவுடன் கைப்பிடியை வேகமாகச் சுழற்றிவிட்டு அது எவ்வளவு நேரம் தானாகச் சுற்றுகிறது என்று பார்ப்பது கடைகளில் பரவலாகக் காணப்படும் வழக்கம். கிரீஸ் குறைவாக இட்ட ரீலும் நெடுநேரம் சுற்றும் என்பதால் அதிலிருந்து தெரிவது சிறிதே. அதற்குப் பதிலாகக் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. ரீலின் காலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மிக மெதுவாக, ஒரு சுற்றுக்கு நான்கைந்து நொடி ஆகும்படி சுற்ற வேண்டும். கியரில் கரகரப்போ திக்கலோ இருந்தால் இந்த வேகத்தில்தான் விரலுக்குத் தெரியும்.

2. பின்னர் வேகமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். ரோட்டார் சமநிலையில் இல்லாவிட்டால் ரீல் முழுவதும் கையில் ஆடும்.

3. கைப்பிடியைச் சட்டென்று பின்னோக்கித் திருப்ப வேண்டும். அது அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். சிறிது தூரம் பின்னால் போய்த் தட்டி நிற்குமானால் முள் குத்தும் கணத்தில் நரம்பு தளர்ந்துவிடும்.

4. பெயிலைக் கையால் பத்து முறை திறந்து மூட வேண்டும். இரு நிலைகளிலும் அது தெளிவாகப் பொருந்தி நிற்க வேண்டும். பாதியில் தயங்கும் பெயில் எறியும்போது தானாக மூடிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

5. ஒரு முழ நீளமுள்ள நரம்புத் துண்டை லைன் ரோலரின் மேல் வளைத்து இருபுறமும் இழுத்துப் பார்க்க வேண்டும். ரோலர் நரம்போடு சேர்ந்து சுழல வேண்டும். சுழலாத ரோலர் நரம்பை முறுக்கேற்றுவதோடு தேய்க்கவும் செய்யும். பலரும் தவறவிடும் சோதனை இது.

6. டிராக் குமிழைப் பாதி இறுக்கி, ஸ்பூலைக் கையால் நிறுத்தி நிறுத்தித் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஒட்டல் இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

7. ஸ்பூலைக் கழற்றி, விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்ட வேண்டும். நகத்தில் இடறும் எதுவும் நரம்பிலும் இடறும்.

8. கைப்பிடியை இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாற்றிப் பொருத்திப் பார்க்க வேண்டும். வலக்கையால் எறிபவர் ராடை அதே கையில் வைத்துக்கொண்டு இடக்கையால் சுற்றுவதே ஸ்பின்னிங் ரீலின் வழக்கம். பழக்கமில்லாதவர் வலப்புறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சென்னைக்கோ புதுச்சேரிக்கோ சென்று வாங்க இயலாமல் இணையத்தில் வாங்குபவர், இச்சோதனைகளை வீட்டில் பெட்டி திறந்த அன்றே, நரம்பேற்றுவதற்கு முன், செய்து முடிக்க வேண்டும். நரம்பேற்றிய ரீலைத் திருப்பி ஏற்க விற்பனையாளர் மறுக்கக்கூடும். இணையப் பக்கத்தில் காட்டப்படும் எடை சில வேளை பெட்டியோடு சேர்ந்த எடையாக இருக்கும். சமையலறைத் தராசில் ரீலை மட்டும் நிறுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

நரம்பேற்றும் முறை

நல்ல ரீலும் தவறாக நரம்பேற்றினால் கெட்ட ரீலாகவே நடந்துகொள்ளும்.

1. ராடின் வளையங்களுள் அடியிலுள்ள பெரிய வளையத்தின் வழியாக நரம்பை உள்ளே கொண்டுவர வேண்டும்.

2. முடிச்சிடுவதற்கு முன் பெயிலைத் திறக்க வேண்டும். பெயில் மூடியிருக்க முடிச்சிட்டவர், கைப்பிடி சுற்றியும் நரம்பு ஏறாமல் இருப்பதைக் கண்டு முடிச்சை வெட்டி மீண்டும் தொடங்க நேரும்.

3. நரம்பை ஸ்பூலைச் சுற்றி எடுத்து, அதன் மேலேயே ஒரு முடிச்சும், நுனியில் நழுவாமலிருக்க இன்னொரு முடிச்சும் இட்டு இறுக்கிப் பெயிலை மூட வேண்டும். பின்னல் நரம்பான பிரெய்டு, வழவழப்பான ஸ்பூலில் பிடிக்காமல் மொத்தமாகச் சுழன்றுவிடும். அதற்கு அடியில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.

4. நரம்பு வந்த கண்டைத் தரையில் சீட்டு மேல்நோக்கி இருக்கும்படி படுக்கவைத்து, ஈரத் துணியால் நரம்பைப் பிடித்து இலேசான இறுக்கத்தோடு இருபது சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்த வேண்டும். நரம்பைத் தளர்த்தினால் அது முறுக்கிக்கொண்டு வளையமாகச் சுருண்டால் கண்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். அப்படியே தொய்ந்து கிடந்தால் தொடரலாம்.

5. ஸ்பூலின் விளிம்புக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் நிரப்பினால் நரம்பு கொத்தாகக் கழன்று சிக்கும். குறைவாக நிரப்பினால் எறியும் தூரம் குறையும்.

ஆழமான ஸ்பூல் வாய்த்தவர், பழைய தடித்த நரம்பை அடியில் சுற்றி உயர்த்திக்கொண்டு, அதன் மேல் புதிய மெல்லிய நரம்பை 100 மீட்டர் ஏற்றலாம். இரண்டையும் இணைக்கும் முடிச்சு சிறியதாக இருக்க வேண்டும்.

தண்ணீர்ப் புட்டியைக் கொண்டு டிராக் அமைத்தல்

டிராக்கை நரம்பின் வலிமையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அமைப்பது பொதுவான விதி. 6 பவுண்டு நரம்புக்கு அது ஏறத்தாழ 700 முதல் 900 கிராம். 4 பவுண்டுக்கு 450 முதல் 600 கிராம். ஸ்பிரிங் தராசு இல்லாதவர் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியில் 700 மில்லி நீரை அளந்து ஊற்றி, கழுத்தில் கயிறு கட்டி, நரம்பு நுனியை அதில் பிணைக்க வேண்டும். ராடு இல்லாமல் ரீலை மட்டும் கையில் பிடித்துப் புட்டியைத் தூக்கி, டிராக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே வந்தால், ஒரு நிலையில் புட்டி தடையின்றி மெதுவாகக் கீழே இறங்கும். குமிழை அந்த நிலையில் விட்டுவிட வேண்டும். வளைந்த ராடின் வளையங்களில் நரம்பு உராய்வதால் கரையில் இழுவை இன்னும் சற்றுக் கூடும். ஆகையால் தொடக்கத்தில் கால் பங்கை ஒட்டியே அமைப்பது பாதுகாப்பானது. புட்டி விட்டுவிட்டு இறங்கினால் அந்த டிராக்கில் ஒட்டல் இருக்கிறது.

அடிக்கடி நேரும் பிழைகள்

எறிந்தபின் கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை மூடுவது மிகப் பரவலான பிழை. இரை நீரில் விழுந்ததும் பெயிலைக் கையால் மூடி, நரம்பை ஒரு முறை இழுத்து இறுக்கியபின் சுற்றத் தொடங்கினால், ஸ்பூலில் தளர்வான வளையம் விழுவது நின்றுவிடும். எறிதலில் ஏற்படும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்தத் தளர்வான வளையத்திலிருந்தே தொடங்குகிறது.

மீன் இழுத்து டிராக் ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றுவது இரண்டாவது பிழை. அப்போது நரம்பு உள்ளே வருவதில்லை. ஒவ்வொரு சுற்றும் முறுக்கை மட்டுமே ஏற்றுகிறது. மீன் ஓடும்வரை பொறுத்து, நின்றதும் ராடை உயர்த்தி, தாழ்த்தும்போது சுற்ற வேண்டும். முறுக்கேறிவிட்ட நரம்பை, முள்ளும் ஈயமும் கழற்றிவிட்டு, ஏரிக்கரைப் புல்லின் மேல் ஐம்பது மீட்டர் நீளத்துக்கு விட்டு நடந்து, விரல்களால் அழுத்திப் பிடித்தபடி மீண்டும் சுற்றினால் முறுக்கு அவிழும்.

எறிதல் குறைவதாகத் தோன்றும்போது ரீலின் மேல் பழி போடுவதும் வழக்கம். பெரும்பாலும் குற்றம் பழைய நரம்பினுடையது. வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த நைலான் நரம்பு விறைத்து வலுவிழக்கும். வடாற்காட்டு வெயிலில் இது விரைவாகவே நிகழும்.

நீர்நிலை, உரிமை, பாதுகாப்பு

அருணாசலேசுவரர் கோயிலின் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும், கிரிவலப் பாதையை ஒட்டிய தீர்த்தக் குளங்களும் தூண்டிலிடுவதற்கான இடங்கள் அல்ல. புதிய ரீலைச் சோதிக்கும் பொருட்டு முள்ளில்லாத ஈயத்தை எறிந்து பார்ப்பதற்குக்கூட அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. ஊர் ஏரிகளின் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடமோ ஊராட்சியிலோ கேட்டு இசைவு பெற்ற பின்னரே கரையில் அமர வேண்டும். பொழுதுபோக்குக்காக இரண்டு மீன் பிடிப்பவருக்கும் இதே விதி.

தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை 119 அடி உயரத்துக்கு நீர் தேக்குவது. மாவட்டத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அதுவே. அணைப் பகுதியில் வனத்துறையின் முதலைப் பண்ணை இருப்பது பலருக்கும் தெரியும்; நீர்த்தேக்கத்திலும் முதலைகள் உண்டு என்பதைத் தூண்டில்காரர் மறக்கக் கூடாது. அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் நீருக்குள் இறங்குதல், விளிம்பில் குனிந்து மீனைக் கழுவுதல், சிக்கிய முள்ளை எடுக்க முழங்கால் நீரில் நிற்றல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். ஒரு முள்ளின் விலை ஓரிரு ரூபாய். நரம்பை வெட்டிவிடுவதே முறை.

அணைக்குக் கீழே ஆற்றில் நிற்பவருக்கு ஆபத்து வேறு வகையானது. ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூரிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலான நீர் திறந்துவிடப்பட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் திறப்பு அறிவிப்பு இருக்கும் நாள்களில் ஆற்றுக்குள் போகக் கூடாது. ஏரிகளில் மதகுக்கு அருகிலும், கலங்கல் வழியும் காலத்தில் அதன் மேலும் நிற்பது அதே காரணத்தால் தவிர்க்கத்தக்கது.

கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரையில் செல்லும் மின்கம்பிகளுக்குக் கீழே எறிவதும், இடி முழங்கத் தொடங்கிய பிறகும் ராடைப் பிடித்துக்கொண்டிருப்பதும் உயிராபத்து விளைவிப்பவை. கெளுத்தி மாட்டினால் அதன் முதுகுத்துடுப்பு முள்ளும் பக்கத்துடுப்பு முட்களும் விறைத்து நிற்கும். ஈரத் துணியால் போர்த்தி, இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். சீமைக்கருவேல முட்கள் பரவிய கரைகளில் தடித்த அடியுள்ள காலணி தேவை. வெட்டிய நரம்புத் துண்டுகளைக் கரையில் எறிந்தால் கொக்கும் நாரையும் கால் சிக்கி மாள நேரும் என்பதால், அவற்றைச் சுருட்டிப் பையில் வைத்து வீட்டுக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

திரும்பிய பின்

நன்னீரில் பயன்படுத்திய ரீலுக்கு உப்புத் தொல்லை இல்லை. தொல்லை தருவது வற்றிய ஏரிகளின் நுண்ணிய வண்டல் தூசி. ரீலைக் குழாயின் வேகமான நீரில் காட்டினால் தூசி உள்ளே புகும் ஆகையால், டிராக்கை இறுக்கி மூடிவிட்டு ஈரத் துணியால் துடைப்பதே போதும். ரீலை மணலில் வைத்துவிட்ட நாளில் லைன் ரோலரைச் சற்றுக் கூடுதலாகக் கவனித்துத் துடைக்க வேண்டும். மாதம் ஒரு முறை லைன் ரோலரிலும், பெயிலின் கீலிலும், கைப்பிடிக் குமிழிலும் தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். டிராக் தட்டுகளில் மட்டும் அந்த எண்ணெய் படக் கூடாது, படிந்தால் பிடிப்புப் போய்விடும். உடலைத் திறந்து கியருக்குக் கிரீஸ் இடும் வேலையை, கரகரப்பு தோன்றாத வரையில், வாங்கிய முதல் ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. துடைத்து உலர்ந்ததும் டிராக் குமிழை முழுவதும் தளர்த்திவிட்டு ரீலை நிழலில் வைக்க வேண்டும். இறுகியே கிடக்கும் தடைத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை மீன் இழுக்கும்போது அந்த ஒட்டல் மெல்லிய நரம்பை அறுத்துவிடும்.